கேள்விக்குப் படியளப்பவர்

2009 ஜூலையில் கம்மம் மாவட்டத்தில் ஒரு தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. கம்மம் அப்போது ஒன்றுபட்ட ஆந்திரத்தில் இருந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி ஊசியை 10 முதல் 14 வயது வரையிலான சிறுமிகளுக்குப் போட்டார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ‘பாத்’ என்ற அமைப்பு, மாநில அரசோடும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் சேர்ந்து இதை நடத்தியது. பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. மருந்தைத் தயாரித்த கம்பெனிகள் அதை இலவசமாகக் கொடுத்தன. குஜராத்தின் வடோதரா மாவட்டத்திலும் இதே திட்டம் நடந்தது. இரண்டு இடங்களிலும் சேர்த்து 20,000க்கும் மேற்பட்ட சிறுமிகள். கம்மத்தில் அவர்களில் பலர் பழங்குடிக் குழந்தைகள். பெற்றோரைப் பிரிந்து அரசு விடுதிகளில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தவர்கள்.

ஏழு சிறுமிகள் இறந்தார்கள். 2010 மார்ச்சில் டெல்லியிலிருந்து ‘சமா’ என்ற பெண்கள் நல அமைப்பின் குழு பத்ராசலத்துக்குப் போய்ச் சிறுமிகளிடமும் பெற்றோரிடமும் பேசியது. ஏப்ரலில் மத்திய அரசு திட்டத்தை நிறுத்தியது. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தன் 72ஆவது அறிக்கையில் திட்டம் நடந்த விதத்தைக் கடுமையாகச் சாடியது. ஆந்திரத்தில் 9,543 ஒப்புதல் படிவங்களைப் பார்த்ததில் 1,948 படிவங்களில் கைநாட்டு மட்டும் இருந்தது. 2,763 படிவங்களில் விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தாங்கள் நடத்தியது மருந்துப் பரிசோதனையே அல்ல, தடுப்பூசியை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று பார்க்கும் செயல்விளக்கத் திட்டம் என்று பாத் அமைப்பு சொன்னது.

இறந்தவர்களைப் பற்றி அரசு அமைத்த குழு விசாரித்தது. ஒரு சிறுமி கல்குவாரித் தண்ணீரில் மூழ்கியிருந்தாள். ஒருத்தியைப் பாம்பு கடித்திருந்தது. இருவர் பூச்சிமருந்து குடித்திருந்தார்கள். ஒருத்திக்கு மலேரியா முற்றிவிட்டது. மீதி இருவரில் ஒருத்திக்குக் கடுங்காய்ச்சல், இன்னொருத்திக்கு மூளையில் ரத்தக்கசிவாக இருக்கலாம் என்ற சந்தேகம். தடுப்பூசியோடு தொடர்பில்லை, அல்லது தொடர்பிருக்க வாய்ப்புக் குறைவு என்று முடிவாயிற்று.

அந்த முடிவு மருத்துவக் கணக்கில் சரியாகவே இருக்கலாம். அதை மறுக்க இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அந்த முடிவோடு கோப்பு மூடப்பட்டதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். 14 வயதைத் தாண்டாத இரண்டு பெண் குழந்தைகள் பூச்சிமருந்து குடித்திருக்கிறார்கள். என்ன நடந்தது அவர்களுக்கு? மருந்து இருக்கும் நோயான மலேரியாவில் ஒருத்தி ஏன் செத்தாள்? பாம்பு கடித்தவளுக்கும் விஷமுறிவு ஊசி இருந்த மருத்துவமனைக்கும் நடுவில் எத்தனை கிலோமீட்டர்? கோயா மொழி பேசும் வீட்டுக்கு அந்த ஒப்புதல் தாள் எந்த மொழியில் போயிற்று? தடுப்பூசியே காரணம் என்று முடிவாகியிருந்தால் இந்த மரணங்கள் உலகச் செய்தியாகியிருக்கும். காரணம் தடுப்பூசி இல்லை என்றதும் அவை வெறும் வாழ்க்கை ஆகிவிட்டன. அந்த வாழ்க்கையைக் கேள்வியாக்க அங்கே ஒரு ப்ராஜெக்ட் இல்லை, பட்ஜெட்டில் ஒரு வரி இல்லை.

ஒரு கேள்வி பிறப்பதற்கு யார் செலவு செய்ய வேண்டும் என்பதை நான் அறம் சார்ந்த பிரச்சினையாகப் பார்ப்பது இதனால்தான்.

*

சுகாதாரத்தைப் பற்றி மூன்று விதமாகக் கேட்கலாம். ‘இந்த ஊசி வேலை செய்கிறதா?’ என்பது மருத்துவத்தின் கேள்வி. ‘மக்கள் இதைப் போட்டுக்கொள்ள ஏன் தயங்குகிறார்கள், எப்படிச் சம்மதிக்க வைப்பது?’ என்பது நிதி கொடுப்பவர்கள் சமூக ஆய்வாளர்களிடம் வழக்கமாகக் கேட்கச் சொல்லும் கேள்வி. ‘இந்த ஊசி முதலில் இந்த விடுதிக்கு ஏன் வந்தது, அதை முடிவு செய்தவர் யார், வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடத்தில் அங்கே யாராவது இருந்தார்களா?’ என்பது விமர்சனச் சமூக அறிவியலின் கேள்வி. முதல் கேள்வி மருந்தைப் பார்க்கிறது. இரண்டாவது மக்களைப் பார்க்கிறது. மூன்றாவது, பார்த்துக்கொண்டிருப்பவரையே திரும்பிப் பார்க்கிறது. அப்படித் திரும்பிப் பார்க்கும் கேள்விக்குப் பணம் கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

தமிழில் ‘ஒப்புதல்’ என்றொரு நல்ல சொல் இருக்கிறது. ஒப்பு என்றால் நிகர். இருவர் ஓரளவாவது நிகராக நிற்கும் இடத்தில்தான் ஒப்புதல் நடக்க முடியும். சோறும் படுக்கையும் தரும் விடுதியில் வார்டன் நீட்டுகிற தாளுக்கு முன்னால் ஒரு சிறுமி என்ன நிகர்? ஊசியின் வீரியத்தை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இந்த இடைவெளியை அளக்க முடியாது. அதை அளக்க அங்கே போய் உட்கார வேண்டும், பல நாள் உட்கார வேண்டும்.

அப்படி உட்காருவதற்கு ஆகும் செலவுக்குத்தான் ஆய்வுலகில் ‘விதை நிதி’ என்று பெயர். பெரிய ஆய்வுக்கு முன்னால், கேள்வியே தெளிவாகாத நிலையில் கொடுக்கப்படும் சிறு தொகை அது. ஓர் ஊரில் ஆறு மாதம் வாடகை, பஸ் கட்டணம், மொழிபெயர்த்து உதவும் பெண்ணுக்குக் கூலி, பழைய கோப்புகளின் நகல் எடுக்கும் காசு, ஆய்வாளருக்குக் கைக்குழந்தை இருந்தால் அதைப் பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளம். எதைக் கேட்க வேண்டும் என்று கற்றுக்கொள்ளவே இவ்வளவும் வேண்டியிருக்கிறது.

விதை என்ற சொல்லை நிதிக்காரர்கள் உவமையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். நமக்கு அது உவமைக்கு முன்பே ஒரு பொருள். தென்மாவட்டங்களில் விதைநெல்லை வைக்கோலால் சுற்றிக் கோட்டை கட்டி வைப்பார்கள். வீட்டில் உலை கொதிக்காத நாளிலும் அதில் கைவைக்க மாட்டார்கள். விதைநெல்லை எடுத்துக் குத்தித் தின்றுவிட்டார்கள் என்றால் அந்தக் குடும்பம் அடுத்த வருஷத்தை நம்பவில்லை என்று அர்த்தம். அதே சமயம், வீட்டில் எடுத்துவைத்த விதைநெல்லும் கடையில் வாங்கும் பாக்கெட் விதையும் ஒன்றல்ல. பாக்கெட் விதையில் என்ன விளைய வேண்டும் என்பதை விற்றவர் முன்பே தீர்மானித்திருக்கிறார். ஒரு விதை நிதி கைக்கு வரும்போது ஆய்வாளர் கேட்டுக்கொள்ள வேண்டியதும் அதுதான்: இது கோட்டை நெல்லா, பாக்கெட் விதையா?

*

விளைவு தெரியாத யோசனைக்குப் பணம் கொடுக்கும் பழக்கமே உலகில் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2003இல் கேட்ஸ் அறக்கட்டளை உலக சுகாதாரத்தின் ‘மாபெரும் சவால்கள்’ என்று 14 சவால்களைப் பட்டியலிட்டது. குளிர்பதனம் தேவைப்படாத தடுப்பூசி, ஊசி இல்லாமல் மருந்து செலுத்துவது, கொசுக்களின் மரபணுவை மாற்றுவது என்று போனது பட்டியல். 2005இல் ஆன்-இமானுவேல் பிர்ன் என்ற பொதுச் சுகாதார வரலாற்றாசிரியர் ‘லான்செட்’ இதழில் இதை விமர்சித்தார். நோய்க்கு அடியில் கிடக்கும் வறுமையும் ஏற்றத்தாழ்வும் இந்தப் பார்வையில் விடுபட்டுப் போவதைச் சுட்டிக்காட்டினார்.

2008இல் அதே அறக்கட்டளை தொடக்க நிலை யோசனைகளுக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. இரண்டு பக்க விண்ணப்பம் போதும். முன்கூட்டிய தரவு எதுவும் வேண்டாம். தேர்வானால் 100,000 டாலர், யோசனை பலித்தால் பிறகு 10 லட்சம் டாலர் வரை. 2013இல் இந்தத் திட்டத்தில் ஓர் அழைப்பு வந்தது: இன்பத்தைக் குறைக்காத, முடிந்தால் கூட்டுகிற புதுவகை ஆணுறையைக் கண்டுபிடியுங்கள். தேர்வான ஒவ்வொரு யோசனைக்கும் 100,000 டாலர் கிடைத்தது.

இதைக் கேலி செய்ய மாட்டேன். நல்ல ஆணுறை பெண்ணையும் காக்கும். நோயிலிருந்து காக்கும், வேண்டாத கருவிலிருந்து காக்கும். ஆனால் ‘போட்டுக்கொள்’ என்று ஒரு பெண் சொன்னால் ‘என்மேல் சந்தேகமா, இல்லை உன்மேல்தான் சந்தேகமா?’ என்று திருப்பிக் கேட்கும் வீடுகள் நமக்குத் தெரியும். அந்தப் பதிலுக்கு முன்னால் எந்த ரப்பரும், அது எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், பெட்டியை விட்டு வெளியே வராது. அந்த வாக்கியத்தை ஆராய யாரிடம் 100,000 டாலர் கேட்பது? அதன் முடிவில் கையில் எடுத்துக் காட்ட ஒரு பொருள் இருக்காது. காப்புரிமை வாங்க முடியாது. எத்தனை உயிர் காப்பாற்றினோம் என்று ஆண்டறிக்கையில் போட முடியாது. கிடைப்பது ஒரு புரிதல்தான். அதுவும் நிதி கொடுத்தவருக்கு உவப்பாக இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

இந்தப் பக்கத்தையும் பார்ப்போம். நெட் தகுதி பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி செய்பவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகை தந்துவந்தார்கள். 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு அதையும் நிறுத்தப் பார்த்தது. மாணவர்கள் டெல்லியில் அதன் அலுவலகத்தின் முன் அமர்ந்து போராடினார்கள். ஆய்வு மாணவி ஒருத்தி தன் கேள்வியைக் கண்டடைய நாம் வைத்திருக்கும் விலை அந்த அளவில்தான் இருக்கிறது.

*

இந்த இடத்தில் ஓர் எதிர்வாதம் வரும். அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. இந்தியாவில் ஆண்டுதோறும் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் கருப்பை வாய்ப் புற்றுநோயில் சாகிறார்கள். அந்தச் சாவைத் தடுக்கும் ஊசி கையில் இருக்கிறது. பணமோ அளவானது. இருக்கிற பணத்தை ஊசிக்குக் கொடுப்பதா, ஊசியைப் பற்றி யோசிப்பவர்களுக்குக் கொடுப்பதா? வீடு எரியும்போது தீயின் சமூகவியல் எதற்கு?

இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஒரு தாயின் உயிரை முன்னால் வைத்துக் கேட்டால் நானும் ஊசி என்றுதான் சொல்வேன். ஆனால் தீப்பிடித்த ஓர் ஊரின் கதை நமக்குத் தெரியும். 2014இல் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா பரவியது. 11,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவரின் உடலிலிருந்து நோய் தொற்றும் என்பதால் முழுக்கவச உடை அணிந்த குழுக்கள் வந்து உடல்களை எடுத்துப் போயின. குளிப்பாட்டவில்லை, கும்பிடவில்லை, எங்கே புதைத்தார்கள் என்றுகூடப் பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. மக்கள் நோயாளிகளை ஒளித்தார்கள், பிணங்களையும் ஒளித்தார்கள். நோய் இன்னும் பரவியது. மக்களின் அறியாமை என்று இதற்குப் பெயர் வைத்தார்கள்.

அப்போது மானுடவியலாளர்களைக் கூப்பிட்டார்கள். உறவுகள் தள்ளி நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம், துணி போர்த்தச் சொல்லலாம், குழியைத் தாங்களே காட்டலாம் என்று ஏற்பாடுகள் மெல்ல மாறின. பாதுகாப்பும் கண்ணியமும் உள்ள அடக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் நெறிமுறை வெளியிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, மானுடவியலாளர்களுக்கு அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பது. பால் ரிச்சர்ட்ஸ் போன்றவர்கள் பல பத்தாண்டுகளாகச் சியரா லியோன் கிராமங்களில் ஆய்வு செய்துவந்தார்கள். விவசாயம், போர், சடங்கு, உறவுமுறை என்று அவர்கள் படித்தவை எபோலாவை மனத்தில் வைத்துப் படித்தவை அல்ல. என்றைக்கோ, என்ன பயன் என்று தெரியாமல் தூவிய விதை ஒரு பஞ்சத்தில் சோறாயிற்று. தீப்பிடித்த பிறகு கிணறு வெட்ட முடியாது என்பார்களே, அதுதான் இது.

அந்தத் தொற்றில் நோயாளிகளைக் கவனித்தவர்கள், பெண்களின் உடல்களைக் குளிப்பாட்டியவர்கள், பிரசவம் பார்த்தவர்கள் எல்லாம் பெரும்பாலும் பெண்கள். ஆனாலும் கேள்விகள் அவர்களிடமிருந்து தொடங்கவில்லை. 2018இல் காங்கோவில் மறுபடி எபோலா வந்தபோது தடுப்பூசி இருந்தது. கருவுக்கு என்ன ஆகுமோ என்ற அச்சத்தில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் முதலில் அது மறுக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில்தான் அந்த முடிவு மாறியது. ஊசி போடாத கர்ப்பிணி எபோலாவில் இறந்தால் கருவும் சேர்ந்தே போகும் என்பது எளிய கணக்கு. அந்தக் கணக்கைப் போடச் சொல்லி வற்புறுத்தியவர்கள் அறம் பேசியவர்கள், பெண் உடலைப் பற்றிக் கேள்வி கேட்டவர்கள். இங்கே விமர்சனத்தின் வேலை ஊசியைக் கொண்டுவந்து சேர்ப்பதாகவே இருந்தது.

எச்.பி.வி கதையிலும் ஒரு திருப்பம் உண்டு. 2009இல் அந்த ஊசி பற்றி வேறோர் ஆய்வும் இந்தியாவின் பல மையங்களில் நடந்தது. நம் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அவற்றில் ஒன்று. மூன்று தவணைக்குப் பதிலாக இரண்டு தவணை போதுமா என்று பார்ப்பது அதன் நோக்கம். கம்மம் விவகாரம் வெடித்ததும் 2010 ஏப்ரலில் அதுவும் நிறுத்தப்பட்டது. அதனால் ஏறத்தாழ 5,000 சிறுமிகளுக்கு ஒரே தவணையோடு ஊசி நின்றுபோயிற்று. அவர்களைத் தொடர்ந்து கவனித்துவந்ததில் ஒரு தவணையே நீண்ட காலம் நன்றாகக் காக்கிறது என்ற முடிவு 2021இல் வெளியானது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணையை ஏற்றதற்கு வலுச் சேர்த்த சான்றுகளில் இதுவும் ஒன்று. இன்று ஏழை நாடுகளில் முன்னைவிட அதிகமான சிறுமிகளுக்கு அந்த ஊசி எட்டுகிறது என்றால் அதில் இந்தத் தடங்கலுக்கும் பங்குண்டு.

இதை விமர்சனத்தின் வெற்றியாகக் கொண்டாட மாட்டேன். அது தற்செயல். அந்தச் சிறுமிகளும் தங்களைக் கேட்காமலே உலகுக்குத் தரவாகிப் போனவர்கள்தான். ஆனால் கேள்வி கேட்டு நிறுத்தினால் அறிவியல் அழிந்துவிடும் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

*

இனி, கேட்பவளின் பக்கத்துக் கேள்வி. யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அவர் கையிலிருந்தே பணம் வாங்கலாமா?

செஞ்சோற்றுக்கடன் என்ற சொல் நம் ரத்தத்தில் ஊறியது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். துரியோதனனின் பக்கம் நின்ற கர்ணனை நாம் நேசிப்பதற்கும் இந்தக் கடனே காரணம். பெண்களுக்கு இந்த அறம் இரட்டிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. சோறு போடுகிறவனை எதிர்த்துப் பேசாதே என்பது எத்தனை வீடுகளில் இன்னும் நடைமுறைச் சட்டமாக இருக்கிறது! நிதி வாங்கிய ஆய்வாளரின் பேனா கடைசிப் பத்தியில் தயங்குவதும் இதே பாடத்தின் விளைவுதான். யாரும் மிரட்ட வேண்டியதில்லை. அடுத்த விண்ணப்பத்தின் நினைப்பு வந்தாலே போதும்.

இந்தச் சிக்கல் தமிழுக்குப் புதிதில்லை. சங்கப் புலவர்கள் பரிசிலை நம்பி வாழ்ந்தவர்கள். ஆனாலும் மன்னர்களை இடித்துரைத்திருக்கிறார்கள். தன் முகம் பாராமல் அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுத்த செய்தி புறநானூற்றில் இருக்கிறது. அவருக்குப் பசி இல்லாமல் இல்லை. வறுமையைப் பற்றி அவரளவு எழுதியவர்கள் குறைவு. ஏற்பவரைப் பார்க்காமல் கொடுப்பது கொடையே ஆகாது என்பது அவர் கட்சி.

நம் காலத்துப் பெண்கள் இயக்கத்தில் இன்னொரு வழியும் இருந்தது. 1985இல் ஐதராபாத்துக்கு அருகே பட்டான்சேருவில் நெட்-என் என்ற கருத்தடை ஊசியின் பரிசோதனைக்காகப் பெண்களைத் திரட்டினார்கள். அது பரிசோதனை என்பதே அந்தப் பெண்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்பதை ஸ்திரீ சக்தி சங்கடனா அமைப்பினர் நேரில் போய்த் தெரிந்துகொண்டார்கள். 1986இல் மற்ற பெண்கள் அமைப்புகளோடு சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த வழக்கில் இணைந்த டெல்லியின் ‘சஹேலி’ 1981 முதல் இயங்கும் அமைப்பு. நிறுவன நிதி எதையும் வாங்குவதில்லை. தனிமனிதர்கள் தரும் சிறு தொகைகளில் நடக்கிறது. கருத்தடை மருந்துகளைப் பற்றி அவர்கள் எழுதிய அறிக்கைகளை இன்றும் மாணவிகள் தேடிப் படிக்கலாம். கை சுத்தமாக இருந்ததால் குரல் நடுங்கவில்லை.

அந்த வழியின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. நிதி வாங்காத ஆய்வு இலவசமாக நடந்துவிடுவதில்லை. வேலை முடிந்து வந்த பெண்கள் இரவில் உட்கார்ந்து எழுதியதால் அது நடந்தது. வீட்டு வேலைக்குக் கூலி இல்லை என்று நாம் பேசிக்கொண்டே, கேள்வி கேட்கும் வேலையையும் கூலியில்லாத பெண் உழைப்பில் சேர்த்துவிடுகிறோம். நிலையான சம்பளமோ நிலமோ உள்ள குடும்பத்துப் பெண்ணால் அதைத் தாங்க முடியும். கெஸ்ட் லெக்சரராக வேலை பார்த்துக்கொண்டு தம்பியின் படிப்புக்கும் பணம் அனுப்புகிறவளால் முடியாது. அப்போது பத்ராசலத்துக் கேள்வியைக் கேட்க டெல்லியிலிருந்துதான் ஆள் வர வேண்டியிருக்கும். பத்ராசலத்துப் பெண்ணே கேட்க முடியாது.

ஆகவே வாங்கலாமா என்பதற்கு முன்னால், அது யாருடைய சோறு என்று கேட்க வேண்டும். பெரிய அறக்கட்டளைகளின் செல்வம் எண்ணெயிலிருந்தும் மருந்திலிருந்தும் மென்பொருளிலிருந்தும் வந்தது. வாங்கியவர்கள் கொடுத்த விலையில் சேர்ந்தது. அமெரிக்காவில் அந்தச் செல்வத்துக்கு வரிச்சலுகை உண்டு. அரசு நிதி நேராகவே மக்கள் வரி. சுகாதார ஆய்வின் மூலப்பொருளோ ரத்தமும் கைநாட்டும். அதைக் கொடுத்தவர்கள் கம்மத்துச் சிறுமிகளும் பட்டான்சேருப் பெண்களும். ஆய்வாளர் உண்பது இவர்கள் எல்லோருடைய சோற்றை. காசோலையில் கையெழுத்துப் போட்டவர் பரிமாறியவர் மட்டுமே. செஞ்சோற்றுக்கடன் என்ற அறத்தை நான் கைவிடச் சொல்லவில்லை. கடனைச் சரியான வீட்டில் போய்த் தீர்க்கச் சொல்கிறேன். பரிமாறியவருக்கு நன்றி சொல்லலாம், கணக்கும் காட்டலாம். உண்மையை மறைத்துத் தருவதற்கு அவருக்குக் கடன்படவில்லை.

*

சோறு யாருடையது என்று தெளிந்தாலும் களஞ்சியம் ஒன்றே ஒன்றாக இருந்தால் ஆபத்துதான். 2021இல் பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்தது. ஏழை நாடுகளோடு சேர்ந்து நடக்கும் ஆய்வுகளுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்த தொகையில் 12 கோடி பவுண்டு குறையும் என்று அந்த ஆண்டு மார்ச்சில் ஆய்வாளர்களுக்குக் கடிதம் போனது. நடந்துகொண்டிருந்த ஆய்வுகள் பாதியில் தடுமாறின. கிராமங்களில் ‘மறுபடி வருவோம்’ என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் என்ன செய்வார்கள்?

2025இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, 1984 முதல் பல ஏழை நாடுகளில் நடந்துவந்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டமும் பிப்ரவரியில் நின்றது. இந்தக் கணக்கெடுப்பு வீடுவீடாகப் போய்ப் பெண்களிடம் பேசியது. எத்தனை குழந்தை, எத்தனை இறந்தது, கணவன் அடித்தானா, ஆஸ்பத்திரிக்குப் போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றெல்லாம் கேட்டது. இந்தக் கணக்கெடுப்புகளில் விமர்சிக்க நிறைய இருந்தன. விமர்சிப்பதற்கும் அது வேண்டியிருந்தது. ஒரு நாட்டின் தேர்தல் முடிவு, அதைப் பற்றிக் கேள்விப்பட்டேயிராத பெண்களிடம் கேட்கப்பட்டுவந்த கேள்விகளை நிறுத்திவிட முடிகிறது என்றால், அந்தக் கேள்விகள் ஒருநாளும் அந்தப் பெண்களுடையவையாக இருக்கவில்லை.

அதனால் விதை பல வீடுகளில் இருக்க வேண்டும். நம் மாநிலங்களும் பல்கலைக்கழகங்களும் சிறு தொகைகளாகப் பலருக்குக் கொடுக்கலாம். ஓர் ஆண்டு, ஒரு மாவட்டம், ஒரு கேள்வி என்று கொடுக்கலாம். கேள்வி நடுவில் மாறினால் தவறில்லை என்று எழுதிக் கொடுக்கலாம். ஒன்றும் விளையாமல் போனால் ஏன் விளையவில்லை என்று எழுதுவதே அறிக்கையாகலாம். முடிவை வெளியிட அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும். ஆய்வுக்குள்ளானவர்களின் மொழியில் அதை அவர்களுக்கு முதலில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது இரண்டாவது. குழந்தை பார்த்துக்கொள்ளும் செலவு பட்ஜெட்டில் ஒரு வரியாக இருக்க வேண்டும் என்பது மூன்றாவது.

ஆய்வு மாணவிகள் என்னிடம் கொண்டுவரும் படிவங்களில் ‘எதிர்பார்க்கப்படும் முடிவுகள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில்தான் எல்லோரும் பொய் சொல்கிறார்கள். ஆராயாத ஒன்றின் முடிவை முன்பே சொல்லத் தெரிந்தவளுக்கு நிதி கிடைக்கிறது, தெரியாது என்று நேர்மையாகச் சொல்பவள் நிற்கிறாள். அந்தக் கட்டத்தை இன்றைக்கு அழிக்க நம்மால் முடியாது. வேண்டியதை எழுதுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு தனித்தாளில், யாருக்கும் காட்டாமல், இந்த ஆய்வில் நீங்கள் யாருக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஊரை எழுதுங்கள். பணம் வந்த பிறகு, கடைசி அத்தியாயம் எழுதும் நாளில், அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.